தோண்டாமல் மண்ணுக்குள் பார்ப்பது: ராமநாதபுரம் கடற்கரைக்கான கேள்வி பதில்

தொண்டியிலிருந்து மாரியூர் வரை, இந்தக் கரையில் மண்ணுக்குள் புதைந்த பழைய ஊர்களைத் தேட எங்கே கருவியை இறக்கினாலும் சுற்றி நின்று கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். நிலத்துக்காரர்கள், ஊராட்சித் தலைவர்கள், பள்ளி ஆசிரியர்கள், தொல்லியல் படிக்கும் மாணவர்கள் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இந்தக் கரையின் மணலுக்கும் உப்புக்கும் உரியவை. கொங்குச் செம்மண்ணிலோ காவிரி வண்டலிலோ இதே கருவிகள் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

தோண்டாமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்?

சுட்ட செங்கல், சாம்பல் கொட்டிய குழி, கல் அடித்தளம், உறைகிணறு எல்லாம் தம்மைச் சுற்றியுள்ள மண்ணைப் போல இருப்பதில்லை. ஒன்றில் காந்தத்தன்மை கூடுதலாக இருக்கும், அதைக் காந்தமானி அளக்கும். ஒன்று மின்சாரத்தை எளிதில் விடாது, அது மின்தடைக் கருவியில் தெரியும். இன்னொன்று ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும், அதைப் பிடிப்பது தரையை ஊடுருவும் ரேடார். தரைக்கு மேலே நடந்தபடி இந்த வேறுபாட்டைக் கட்டம் கட்டமாக அளந்து படமாக்குகிறோம், அவ்வளவுதான். வேறுபாடு இல்லையென்றால் உள்ளே அரண்மனையே இருந்தாலும் கருவிக்குத் தெரியாது.

புது வித்தை ஒன்றும் இல்லை. 1946இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் அட்கின்சன் மின்தடையை அளந்து புதைந்த அகழிகளைத் தேடினார். 1958இல் மார்ட்டின் எய்ட்கன் காந்தமானியைக் கொண்டு ரோமானியர் காலத்துப் பானைச் சூளைகளைக் கண்டுபிடித்தார். இன்று கருவிகள் வேகமாகிவிட்டன, கணினி வந்துவிட்டது. அடிப்படை மாறவில்லை.

போர் போடும் முன் நீரோட்டம் பார்க்கிற மெஷின்தானே இது?

மின்தடைக் கருவியைப் பொறுத்தவரை ஆமாம், ஒரே குடும்பம். இரண்டு கம்பி வழியாக மின்சாரத்தை விட்டு, வேறு இரண்டு கம்பியில் மின்னழுத்தத்தை அளப்பதுதான் இரண்டிலும் நடக்கிறது. நீரோட்டம் பார்க்கிறவர் ஒரே புள்ளியில் நின்று, கம்பிகளின் இடைவெளியை விரித்துக்கொண்டே போய், 50 மீட்டர், 100 மீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். எங்களுக்கு முதல் ஒன்றிரண்டு மீட்டர்தான் வேண்டும். ஆனால் நிலம் முழுக்க, மீட்டருக்கு மீட்டர் வேண்டும். அதனால் பாயிண்ட் பார்த்துக் கொடுக்கிற ஒருவரைக் கூட்டி வந்து ‘அப்படியே பழைய கோட்டையும் பார்த்துச் சொல்லுங்க’ என்றால் நடக்காது. அவரிடம் உள்ள கருவி சரியானதாக இருக்கலாம், அளக்கும் முறை வேறு.

எங்கள் ஊருக்கு எந்த முறை சரிப்படும்?

புது இடத்துக்குப் போனதும் நான் முதலில் கேட்பது கிணற்றுத் தண்ணீர் நல்லதா, உப்பா என்றுதான். எத்தனை அடியில் தண்ணீர் என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டு பதிலும் தெரிந்தால் பாதி முடிவு அங்கேயே எடுத்துவிடலாம்.

காரணம் எளிது. கடல் நீரின் மின்தடை சுமார் 0.2 ஓம் மீட்டர். காய்ந்த மணல்மேட்டில் அது ஆயிரக்கணக்கில் போகும். உப்பு ஏறிய மண்ணில் மின்சாரம் தடையில்லாமல் ஓடிவிடுவதால், சுவர் இருக்கும் இடமும் இல்லாத இடமும் ஒரே மாதிரி தெரியும். ரேடார் அலை நிலை இன்னும் மோசம். உப்புச் சேற்றில் நுழைந்த உடனே அதன் ஆற்றல் முழுக்க அங்கேயே கரைந்து போகும். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களை ஒட்டியோ, ஆற்று முகத்துச் சதுப்பு அருகிலோ ரேடார் வண்டியை இழுப்பது நேரத்துக்கும் பணத்துக்கும் கேடு. அப்படிப்பட்ட இடத்தில் காந்தமானி ஒன்றுதான் உருப்படியாக வேலை செய்யும், ஏனென்றால் காந்தப்புலத்துக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை.

மணல்மேடு என்றால் கதை தலைகீழ். காய்ந்த, சுத்தமான மணல் ரேடாருக்கு மிகவும் பிடித்த மண். இதில் கடல் ஓரம் என்றாலே உப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ராமேசுவரம் தீவின் மணலில் மழை நீர் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் ஓர் அடுக்காக மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் கையால் தோண்டிய ஊற்றில் குடிக்கிற தண்ணீர் வருவது இதனால்தான். நல்ல தண்ணீரில் ரேடார் வேகம் குறைந்தாலும் முழுக்கச் சாவதில்லை. ஆக, கடலிலிருந்து நூறடியில் இருக்கும் மணல்மேட்டில் நல்ல படம் கிடைக்கலாம், இரண்டு கிலோமீட்டர் உள்ளே களர் பிடித்த பொட்டலில் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

காய்ந்த மணலில் மின்தடை முறைக்கும் ஒரு தொல்லை உண்டு. கம்பிக்கும் மணலுக்கும் தொடர்பே சரியாக ஏற்படாது, எண்கள் குதிக்கும். குத்துகிற இடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் ஓரளவு சரியாகும். ஒரு ஏக்கர் நிலத்துக்கு அப்படி ஊற்றிப் பார்த்தவர்கள் அடுத்த முறை மழைக்குப் பிறகு வருவார்கள்!

இரண்டு முறைகளையாவது ஒரே கட்டங்களில் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. காந்தமானிப் படத்திலும் ரேடார் படத்திலும் ஒரே இடத்தில் ஏதாவது தெரிந்தால் அங்கே குழி போடச் சொல்லலாம். ஒன்றில் மட்டும் தெரிந்தால் யோசித்துத்தான் சொல்வேன்.

ரேடார் எத்தனை அடி ஆழம் காட்டும்?

‘பத்து மீட்டர் காட்டும்’ என்று விளம்பரத்தாளில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஆழத்தை முடிவு செய்வது கருவியைவிட மண்தான்.

கருவி நேரடியாக ஆழத்தை அளப்பதில்லை. அலை போய்த் திரும்பி வர எடுத்த நேரத்தைத்தான் அளக்கிறது, அதுவும் நானோவினாடியில். காற்றில் ரேடார் அலை நானோவினாடிக்கு 30 சென்டிமீட்டர் போகும். காய்ந்த மணலில் சுமார் 15, தண்ணீர் நிறைந்த மணலில் சுமார் 6. திரும்பி வர 40 நானோவினாடி ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். போனது பாதி, வந்தது பாதி. காய்ந்த மணல் என்றால் பொருள் 3 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நனைந்த மணல் என்றால் 1.2 மீட்டர்தான். கோடையில் எடுத்த படத்தின் ஆழக் கணக்கை மார்கழியில் எடுத்த படத்துக்குப் போட்டால், அகழாய்வுக் குழி தவறான ஆழத்தில் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் அந்த இடத்திலேயே வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தெரிந்த ஆழத்தில் புதைந்த குழாய் ஒன்று இருந்தால் அதை வைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் படத்தில் விழும் வளைவுகளின் அகலத்திலிருந்து கணக்கிடலாம்.

தொல்லியலுக்குப் பெரும்பாலும் 400 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவை எடுப்போம். நல்ல மணலில் இரண்டு மூன்று மீட்டர் வரை காட்டும். குறைந்த அதிர்வெண் ஆழமாகப் போகும், ஆனால் சின்னப் பொருள்களை விட்டுவிடும். தனித்தனிப் பானை ஓடு, மணி, காசு எதுவும் எந்த ஆன்டெனாவிலும் தெரியாது. பனை வேர் நன்றாகத் தெரியும், கேட்காமலே.

காந்தமானியை இங்கே பயன்படுத்துவதில் ஏதாவது தனிச் சிக்கல் உண்டா?

உண்டு, இது பலரும் கவனிக்காத ஒன்று. வெளிநாட்டுப் பாடநூல்களில் இருக்கும் காந்தப் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் எடுக்கப்பட்டவை. அங்கே பூமியின் காந்தப்புலம் தரைக்குள் செங்குத்தாகப் பாய்வது போலச் சாய்ந்திருக்கும். நம் ஊரிலோ அது ஏறக்குறைய படுத்துக் கிடக்கிறது, ஏனென்றால் பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் கடைக்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே ஆய்வு மையம் வைத்திருப்பதும் இந்தக் கோட்டை முன்னிட்டுத்தான்.

தொல்லியலுக்கு இதனால் என்ன? கிழக்கு மேற்காக ஓடும் செங்கல் சுவர் படத்தில் தெளிவாக விழும். வடக்கு தெற்காக ஓடும் அதே சுவர் தன் நீளவாக்கிலேயே காந்தமாகியிருப்பதால் இரண்டு முனைகளில் மட்டும் லேசாகக் காட்டிவிட்டு நடுவில் மறைந்துவிடும். ஒரு சதுர அறை இரண்டு இணைகோடுகளாகத் தெரியும். ‘மற்ற இரண்டு சுவரும் இடிந்துவிட்டன’ என்று எழுதினால் அது கட்டுக்கதை. அதேபோல ஒரு சூளையோ உறைகிணறோ ஒற்றைப் புள்ளியாகத் தெரியாது. தெற்கே ஒரு மேடு, வடக்கே ஒரு பள்ளம் என்று எண்கள் ஏறி இறங்கும். பொருள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். மேட்டின் உச்சியில் குழி போட்டால் கொஞ்சம் தள்ளிப் போய்விடுவீர்கள்.

இன்னொன்று, காந்த நடுக்கோட்டுக்கு மேலே வானத்தில் பகல் வேளையில் ஒரு பெரும் மின்னோட்டம் ஓடுகிறது. உச்சி வேளையில் அதனால் தரையில் காந்தப்புலம் சில பத்து நானோடெஸ்லா, சில நாள் நூறு வரைகூட மாறும். நாங்கள் தேடும் சாம்பல் குழி தருவதோ சில நானோடெஸ்லாதான். ஒற்றை உணரி வைத்து அளப்பவர்கள் பக்கத்தில் அசையாமல் இன்னொரு காந்தமானியை நிறுத்திக் கழித்துக்கொள்ள வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு உணரி உள்ள கருவி என்றால் இந்த மாற்றம் தானாகவே கழிந்துவிடும். நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

அப்புறம் இரும்பு. அளப்பவர் உடம்பில் சாவி, பெல்ட், சேஃப்டி பின் எதுவும் இருக்கக் கூடாது. கட்டம் குறிக்க ஆணிக்குப் பதில் மரக்குச்சி. வேலிக்கம்பி, இறால் பண்ணை மோட்டார், நிறுத்தி வைத்த பைக் எல்லாம் தொலைவிலிருந்தே படத்தைக் கெடுக்கும். வேடிக்கை பார்க்க வருபவர்களைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல.

தங்கம், புதையல் இருந்தால் காட்டுமா?

காட்டாது. தங்கத்துக்குக் காந்தத்தன்மை இல்லை, ஒரு குடம் காசு ரேடாருக்கு ஒரு கல்லைப் போலத்தான். ‘ஸ்கேனர்’ வைத்துப் புதையல் எடுத்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். தற்செயலாக ஏதாவது கிடைத்தால், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் இன்றும் உண்டு.

அழகன்குளம், பெரியபட்டினம் போன்ற இடங்களில் இந்த முறைகளால் என்ன பயன்?

இரண்டும் வேறு வேறு வகை. தனித்தனியாகப் பார்க்கலாம்.

அழகன்குளத்துக் கோட்டைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986 முதல் பல பருவங்களாக அகழாய்வு செய்திருக்கிறது. கடைசியாகப் பெரிய அளவில் நடந்தது 2016–17இல். வைகை கடலில் கலக்கும் முகத்துக்கு அருகே இருந்த இந்தத் துறைமுகத்தில் ரோமானியக் காசுகள், மது கொண்டுவந்த சாடிகளின் உடைசல், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், கப்பல் கீறிய ஒரு பானை ஓடு எல்லாம் கிடைத்தன. பண்பாட்டு அடுக்குகள் பல மீட்டர் ஆழம் போகின்றன. இங்கே ஒரே இடத்தில் மேலும் ஆழமாகத் தோண்டுவதைவிட ஊர் எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. அதற்கு அளவாய்வு கை கொடுக்கும். சுட்ட செங்கல், உறைகிணற்றின் சுடுமண் வளையம், உலை, சூளை எல்லாம் நெருப்பில் சுடப்பட்டு ஆறும்போது பூமியின் காந்தத்தைத் தமக்குள் பிடித்து வைத்துக்கொள்பவை. காந்தமானிக்கு இவைதான் முதல் இரை. அடியில் உள்ள பழைய அடுக்குகளை எந்தக் கருவியும் தனியாகப் பிரித்துக் காட்டாது. மேல் அடுக்கின் சத்தத்தில் அவை அமுங்கிப் போகும். சங்கு அறுத்து வளையல் செய்த பட்டறைக் கழிவும் காந்தமானியில் தெரியாது, சங்கு வெறும் சுண்ணாம்பு.

இன்னொரு வழியும் உண்டு. ஆற்றின் பழைய போக்கு எங்கே, அன்றைய கரை எங்கே என்று தேடுவது. நீண்ட கம்பி வரிசையில் மின்தடையை அளந்தால் மண்ணின் குறுக்குவெட்டு கிடைக்கும். பழைய ஆற்றுப் படுகையின் மணலும் அதன் இருபுறக் களியும் அதில் பிரிந்து தெரியும். படகு கட்டிய துறை எங்கே இருந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் செலவு குறைந்த துப்பு கிடையாது. ஆனால் இதற்கு ஆள் குறைவாகவே வருகிறார்கள். எல்லோருக்கும் சுவர்தான் வேண்டும்.

பெரியபட்டினம் இடைக்காலத் துறைமுகம். 1980களில் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் சேர்ந்து நடத்திய ஆய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. இந்த வகை ஊரில் சிக்கல் வேறு. இன்றைக்கும் மக்கள் வாழும் ஊர் அது. வீடு, தெரு, தென்னந்தோப்பு, கழிவுநீர்த் தொட்டி, மின் கம்பம் எல்லாம் மேலே நிற்கின்றன. காந்தமானி ஊருக்குள் உதவாது. தோப்புக்குள்ளும் தெருவிலும் ரேடார் ஓட்டலாம். அதோடு இந்தக் கரையில் பழைய கட்டடங்கள் பல பவளக்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டவை. பவளக்கல் காந்தமானிக்குக் கண்ணில் படாத பொருள். காய்ந்த மணலுக்குள் கிடந்தால் ரேடாரில் தெரிய வாய்ப்பு உண்டு.

கீழடியிலும் அகழாய்வுக்குத் துணையாகக் காந்தமானி ஆய்வு நடந்திருக்கிறது. அந்தப் படங்களை வைத்து ‘எங்க ஊரிலும் அப்படியே வரும்’ என்று எதிர்பார்க்கக் கூடாது. அது உள்நாட்டு வைகைக் கரை, உப்புக் கிடையாது.

எந்த மாதத்தில் செய்வது நல்லது?

ரேடாருக்கு மாசி முதல் ஆனி வரை. மின்தடைக்கு வடகிழக்குப் பருவமழை முடிந்து மண் லேசாக ஈரம் காத்திருக்கும் தை, மாசி. காந்தமானிக்கு மாதம் பொருட்டில்லை. நடக்கிறவருக்குத்தான் சித்திரை வெயில் பொருட்டு.

நிலம் முழுக்கச் சீமைக்கருவேலம். என்ன செய்வது?

இந்த மாவட்டத்தில் அளவாய்வின் உண்மையான எதிரி இதுதான். ரேடார் ஆன்டெனா தரையோடு ஒட்டிப் போக வேண்டும், காந்தமானி ஒரே உயரத்தில் நேர்கோட்டில் போக வேண்டும். முள்ளுக்குள் இரண்டும் நடக்காது. முள்ளை வெட்டிச் சுத்தம் செய்யத்தான் வேண்டும், ஆனால் பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்காதீர்கள். வேரோடு மேல் அரை மீட்டர் மண்ணும் புரண்டுவிடும், அதில்தான் பாதித் தடயம் இருக்கும். தரை மட்டத்துக்கு அறுத்து, அடிக்கட்டையை அப்படியே விடுங்கள். கட்டையை நாங்கள் படத்தில் குறித்துக்கொள்வோம். வெட்டிய முள்ளை அதே இடத்தில் கொளுத்தவும் வேண்டாம். நெருப்பு மேல்மண்ணின் காந்தத்தன்மையைக் கூட்டிவிடும், அப்புறம் காந்தமானி உங்கள் நெருப்பைத்தான் காட்டும்.

டிரோன் வைத்துப் பார்த்தால் போதாதா?

மேட்டின் வடிவம், பழைய கரை மணல் வரிசைகள், ஏரிக் கரைகள் இவற்றுக்கு டிரோன் படம் அருமை. மண்ணுக்குள் பார்க்காது. அதோடு உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருப்பதாலும், எதிரே கடல் எல்லை இருப்பதாலும் இங்கே நினைத்த இடத்தில் டிரோன் விட முடியாது. 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள் பகுதிகளைப் பார்த்து முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

கடலுக்குள் மூழ்கிய ஊர், உடைந்த கப்பல் இவற்றைத் தேட முடியுமா?

முடியும், கருவி வேறு. படகின் பின்னால் இழுக்கும் பக்கவாட்டு சோனார் கடல் தரையின் மேல் கிடப்பதைப் படமாகக் காட்டும். அடித்தரை ஒலிமானி சேற்றுக்கும் மணலுக்கும் அடியில் உள்ள அடுக்குகளைக் காட்டும். கடல் காந்தமானி இரும்பு நங்கூரம், பீரங்கி, என்ஜின் போன்றவற்றைத் தேடும். மரக்கலம் மட்கிப் போயிருந்தாலும் சரக்கு குவியலாகக் கிடந்தால் சோனாரில் ஒரு மேடாகத் தெரியலாம். தனியாகக் கிடக்கும் கல் நங்கூரத்தைப் பாறைகளுக்கு நடுவே பிரித்துக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அதற்குச் சங்கு குளிப்பவர்களிடம் பேசுவதுதான் சிறந்த கருவி. எந்த இடத்தில் வலை சிக்கும், எங்கே பானை வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வடகடலும் தென்கடலும் இதில் ஒன்றல்ல. பாக் விரிகுடா ஆழம் குறைவு, பெரும்பகுதி 15 மீட்டருக்குள். கடற்புல்லும் கலங்கிய நீரும் அதிகம். மூன்று மீட்டருக்குக் குறைவான தண்ணீரில் சோனார் படம் அலையாலும் படகின் சொந்த ஒலியாலும் கெட்டுப்போகும். மன்னார் வளைகுடாப் பக்கம் நீர் தெளிவு, ஆனால் பவளத்திட்டுகளின் எதிரொலி எல்லா இடத்திலும் கட்டடம் போலவே தோன்றும். நேர்க்கோடும் செங்கோணமும் கண்டதும் ‘நகரம்’ என்று செய்தி போடுகிறவர்கள் முதலில் ஒரு பவளப்பாறையின் சோனார் படத்தைப் பார்க்க வேண்டும்.

பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது பாக் விரிகுடா முழுக்கத் தரைதான். அந்தக் காலத்து ஆற்றுத் தடங்கள் சேற்றுக்கு அடியில் இருக்கின்றனவா என்று தேட அடித்தரை ஒலிமானி பொருத்தமான கருவி. அது துறைமுகங்களுக்குப் பல ஆயிரம் ஆண்டு முந்தைய கதை, இரண்டையும் குழப்பக் கூடாது.

நாள் பார்க்கும்போது வாடைக் காற்றில் வடகடலும், தென்மேற்குக் கச்சான் காற்றில் தென்கடலும் ஆகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளின் முன்பாதி வசதியானது. இழுவலைகள் குறுக்கே வராது, வாடகைக்குப் படகும் கிடைக்கும்.

தேவிபட்டினம் நவபாஷாணம் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது வழிபாட்டு இடம், சுற்றிலும் கான்கிரீட் மேடையும் இரும்புக் கம்பியும். அளவாய்வுக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

தனுஷ்கோடி மணலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாமா?

1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர், அதுவும் மணலில். ரேடாருக்கு ஏற்ற இடம். தெருக்களின் போக்கு, மணல் மூடிய அடித்தளங்கள் தெரிய வாய்ப்பு நிறைய. ரயில் பாதையின் இரும்பு எச்சங்களால் அந்தப் பக்கம் காந்தமானிப் படம் முழுக்க இரும்புதான் விழும், அதுவும் ஒரு தகவலே. அழிந்து நூறு வருடம்கூட ஆகாத ஊருக்கு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், ‘இது எங்க வீடு, இது தபால் ஆபீஸ்’ என்று படத்தில் கை வைத்துக் காட்டக்கூடியவர்கள். கருவியைச் சரிபார்க்க இப்படி ஒரு வாய்ப்பு வேறு எந்த இடத்திலும் கிடைக்காது.

ராமர் பாலத்தின் வயதைச் சொல்ல முடியுமா?

எந்தப் புவிஇயற்பியல் கருவியும் வயது சொல்லாது. அடுக்கின் வடிவத்தையும் தடிமனையும் சொல்லும். வயதுக்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

தனியார் நிலத்தில் வெறும் அளவாய்வுக்கு நிலத்துக்காரர் சம்மதம் அடிப்படை. அது பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தால் மாநிலத் தொல்லியல் துறையையோ இந்தியத் தொல்லியல் துறையையோ, எதன் கீழ் வருகிறதோ அதைக் கேட்காமல் கம்பிகூடக் குத்தக் கூடாது. அகழாய்வு என்றால் இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதி கட்டாயம். உங்கள் சொந்த நிலம் என்பதால் தோண்டிப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்கா, அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் படகு நிறுத்தவே முடியாது. பள்ளிவாசல், தர்கா, கோயில் நிலம் என்றால் ஜமாத்திடமோ கோயில் நிர்வாகத்திடமோ முதலில் பேசிவிடுங்கள். அடக்கத்தலம் அருகில் என்றால் இன்னும் கவனம். சட்டத்தில் எழுதியிருக்கிறதோ இல்லையோ, ஊருக்குள் வேலை நடக்க அதுதான் வழி.

எத்தனை நாள் ஆகும், செலவு எப்படி?

வேலையை 20க்கு 20 மீட்டர் கட்டங்களாகப் பிரிப்போம். ஒரு ஹெக்டேருக்கு 25 கட்டம். ரேடாரை அரை மீட்டர் இடைவெளியில் ஓட்டினால் ஒரு கட்டத்துக்கு மட்டும் 41 கோடுகள், 820 மீட்டர் நடை. முள் இல்லாத திறந்த நிலத்தில் காந்தமானி ஒரு நாளில் ஒரு ஹெக்டேர் வரை போகும். ரேடார் அதில் பாதிகூடப் போகாது, மின்தடை அதைவிட மெதுவு. களத்தில் ஒரு நாள் என்றால் மேசையில் அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். ஒப்பந்தம் பேசும்போது கள நாளுக்கு மட்டும் விலை சொல்கிறவர்களிடம் ஆய்வறிக்கைக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பரப்பைக் குறையுங்கள், கோடுகளின் இடைவெளியை அகலமாக்காதீர்கள். இரண்டு மீட்டர் இடைவெளியில் ஓட்டினால் அரை மீட்டர் அகலச் சுவர் கோடுகளுக்கு நடுவே தப்பிவிடும்.

முடிவில் எங்கள் கைக்கு என்ன வரும்?

வண்ணப் படம் மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள். அளந்த மூல எண்கள், கட்டங்களின் துல்லியமான இட ஆயங்கள், எந்தக் கருவி, எந்த இடைவெளி, அன்றைய ஈரநிலை, படத்தில் என்னென்ன திருத்தம் செய்யப்பட்டது எல்லாம் இருக்க வேண்டும். படம் ஒன்றும் விளக்கம் ஒன்றும் தனித்தனித் தாளில் வர வேண்டும். ‘கோட்டைச் சுவர்’ என்று எழுதியிருந்தால் எதை வைத்து என்று கேளுங்கள். ‘கிழக்கு மேற்காக 14 மீட்டர் நீளக் காந்த வேறுபாடு, சுட்ட செங்கலாக இருக்கலாம்’ என்று எழுதுகிறவர்தான் வேலை தெரிந்தவர். சிவப்பும் நீலமும் கண்ணைப் பறிக்கும், எண் அளவுகோல் இல்லாத வண்ணத்துக்குப் பொருள் கிடையாது. சாம்பல் நிறப் படம் கேட்டு வாங்கினால் ஏமாற்று குறையும்.

ஒன்றும் தெரியவில்லை என்று அறிக்கை வந்தால், அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தமா?

இல்லை. அந்த ஒரு வரியை வைத்து மனையாகப் பிரித்து விற்ற இடங்கள் உண்டு. உப்புக் களியில் ரேடார் ஓட்டிவிட்டு ‘தடயம் இல்லை’ என்று எழுதுவது அறிக்கையே அல்ல. கருவி எத்தனை ஆழம் வரை பார்த்தது, அந்த மண்ணில் சுவர் இருந்திருந்தால் தெரிந்திருக்குமா என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். மண் ஒத்துழைக்காத இடம் என்றால் கை துளைப்பான் போட்டு மண்ணை வெளியே எடுத்துப் பார்ப்பதுதான் நேர்மையான வழி, அதற்கும் அனுமதி வாங்கித்தான்.

என் தோட்டத்தில் பானை ஓடும் வளையல் துண்டும் கிடைக்கின்றன. யாரைக் கூப்பிட வேண்டும்?

கருவிக்காரர்களை அல்ல, இப்போதைக்கு. ஓடு கிடைத்த இடத்தைக் கைப்பேசியில் இருப்பிடத்தோடு படம் எடுங்கள். கழுவாமல், எந்த மூலையில் எது கிடைத்தது என்று எழுதிய சீட்டோடு தனித்தனிப் பையில் போடுங்கள். கிணறு வெட்டியபோது வந்ததா, உழவில் வந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆழம் அதில்தான் தெரியும். பிறகு மாநிலத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் தொல்லியலுக்கென்றே துறை இருக்கிறது, அங்கேயும் எழுதலாம். அவர்கள் வந்து ஓட்டைப் பார்த்துக் காலம் சொன்ன பிறகு, எவ்வளவு பரப்பு என்ற கேள்வி எழும்போது அளவாய்வுக்குப் போனால் போதும். அதுவரை அந்தத் துண்டு நிலத்தில் புதிதாகக் கம்பி வேலி போட வேண்டாம், அந்த இரும்பு பின்னால் காந்தமானிப் படத்தைக் கெடுத்துவிடும்.